மோட்லாராய்ட்: ஓடை பிரித்த ஜெர்மன் சிற்றூர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனி இரண்டாகக் கிடந்த காலத்தைப் பற்றிப் பேசினால் பெர்லின் சுவர் எல்லோருக்கும் தெரிகிறது. ஐம்பது பேர் வாழும் ஒரு கிராமத்துக்கும் நடுவே சுவர் எழுப்பினார்கள் என்று சொன்னதும் கேள்விகள் வரிசைகட்டி வருகின்றன. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

இந்த ஊர் எங்கே இருக்கு? மேப்பில் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஹோஃப் என்ற நகரம் இருக்கிறது. அதிலிருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போனால் மோட்லாராய்ட். பவேரியா, துரிங்கியா, சாக்சனி ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் இடம் இதற்கு அருகில்தான். செக் குடியரசின் எல்லையும் தொலைவில் இல்லை. இந்த வட்டாரத்துக்கு ஃபோக்ட்லாந்து என்று பெயர்.

கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே உள்ள மேட்டு நிலம் இது. புல்வெளி, வயல், இடையிடையே ஊசியிலைக் காடு என்று அலையலையாகப் போகும். ஹோஃப் வட்டாரத்துக்கு ‘பவேரியச் சைபீரியா’ என்று கேலிப்பெயர் உண்டு. குளிர்காலத்தில் காற்று சும்மா விடாது என்பதால் வந்த பெயர்.

ஊர் எவ்வளவு பெரிசு?

மிகச் சிறிது. இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது பேர் அளவில்தான் வாழ்கிறார்கள். சில பண்ணை வீடுகள், களஞ்சியங்கள், நடுவில் ஒரு குளம், ஒரு ஓடை. நடந்தால் சில நிமிடங்களில் ஊர் முடிந்துவிடும்.

அந்த ஓடையின் பெயர் டான்பாக். வாளிப்பான ஆள் ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய அகலம். ஹிர்ஷ்பெர்க் பக்கம் ஓடி ஸாலே ஆற்றில் சேர்கிறது. ஸாலே எல்பே ஆற்றில் கலக்கிறது. ஊரின் வரலாறு முழுக்க இந்தச் சின்ன ஓடையைச் சுற்றித்தான் நகர்கிறது.

ஒரே ஊர் எப்படி இரண்டு மாநிலத்தில் வந்தது? 1945-ல் பிரிச்சாங்களா?

இல்லை. அதைவிடப் பல நூற்றாண்டுகள் முந்தையது. 16-ஆம் நூற்றாண்டிலேயே டான்பாக்கின் ஒரு கரை பைராய்ட் மார்க்கிரேவ்கள் என்ற குறுநில ஆட்சியாளர்களின் ஆளுகையிலும், மறு கரை ராய்ஸ் குடும்பத்துப் பிரபுக்களின் ஆளுகையிலும் இருந்தது. பைராய்ட் பகுதி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரஷ்யாவிடம் போய், பிறகு நெப்போலியனின் கைக்கு வந்து, 1810-இல் பவேரிய அரசுக்குக் கிடைத்தது.

அந்த 1810-ஐ ஒட்டி ஓடைக்கரையில் எல்லைக் கற்கள் நட்டார்கள். பவேரியப் பக்கம் பார்த்த முகத்தில் ‘பவேரிய அரசு’ என்பதன் முதலெழுத்துகள். மறுபக்கம் ‘ராய்ஸ் சிற்றரசு’ என்பதன் முதலெழுத்துகள். 1918-இல் மன்னராட்சி ஒழிந்தபோது பவேரியா குடியரசு மாநிலமானது. ராய்ஸ் பகுதி 1920-இல் வேறு சில சிற்றரசுப் பகுதிகளோடு சேர்ந்து துரிங்கியா மாநிலத்துக்குள் போனது. ஆள்பவர்கள் மாறினார்கள், கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போ அந்தக் காலத்திலேயே ஜனங்க பிரிஞ்சுதான் இருந்தாங்களா?

கொஞ்சமும் இல்லை. வரி யாருக்குக் கட்டுவது, எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதில் மட்டும்தான் வித்தியாசம். பள்ளிக்கூடமும் மதுக்கடையும் துரிங்கியப் பக்கம் இருந்தன. பவேரியப் பக்கத்துப் பிள்ளைகளும் ஓடையைத் தாண்டி அங்கேதான் படித்தார்கள். ஊருக்குத் தனியாகத் தேவாலயம் கிடையாது. இரு பக்கத்தாரும் ஞாயிற்றுக்கிழமை பவேரியாவில் இருக்கும் டோபன் கிராமத்துத் தேவாலயத்துக்குப் போனார்கள். பெண் கொடுப்பது, எடுப்பது, நிலம் வைத்திருப்பது எல்லாமே ஓடையைப் பொருட்படுத்தாமல் நடந்தன.

பின்னால் வந்த இழப்பின் அளவு இங்கேதான் புரியும். ஒரு பாதிக்குப் பள்ளியும் கடையும் போயின. மறு பாதிக்குக் கோயில் போனது.

1945-ல் இங்கே முதலில் வந்தது அமெரிக்கர்களா, ரஷ்யர்களா?

அமெரிக்கர்கள். 1945 ஏப்ரலில் அவர்களுடைய படைதான் துரிங்கியா முழுவதையும் பிடித்தது. ஆனால் ஜெர்மனியைப் பங்கிட நேச நாடுகள் முன்பே ஒப்புக்கொண்டிருந்த மண்டல வரைபடத்தில் துரிங்கியா சோவியத் பங்கு. ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்கப் படை துரிங்கியாவை விட்டுப் பின்வாங்க, சோவியத் படை உள்ளே வந்தது. அதே வாரங்களில்தான் மேற்கத்திய நாடுகளின் படைகள் பெர்லினின் மேற்குப் பகுதிகளுக்குள் நுழைந்தன.

மண்டலங்களைப் பிரிக்கப் புதிதாகக் கோடு கிழிக்காமல் பழைய மாநில எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். டான்பாக் மாநில எல்லையாக இருந்ததால் அமெரிக்க மண்டலத்துக்கும் சோவியத் மண்டலத்துக்கும் அதுவே எல்லையானது. 1949-இல் இரண்டு ஜெர்மன் நாடுகள் பிறந்தபோது நாட்டு எல்லையும் ஆகிவிட்டது. 1810-இன் கல் இருந்த வரிசையில், உலகின் இரண்டு பெரிய அணிகள் முகத்தோடு முகம் நின்றன.

பெர்லின் சுவர் 1961. இங்கேயும் அதே வருஷம்தானா?

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பெர்லினுக்கு வெளியே, கிழக்கு ஜெர்மனியையும் மேற்கு ஜெர்மனியையும் பிரித்த 1,393 கிலோமீட்டர் எல்லை ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே மூடப்பட்டது. 1952 மே 26 அன்று கிழக்கு ஜெர்மன் அரசு அதற்கான ஆணையைப் போட்டது. பெர்லின் மட்டும் திறந்த ஓட்டையாக இருந்தது. அதை அடைத்ததுதான் 1961-இன் சுவர்.

மோட்லாராய்டில் 1949-க்குப் பிறகும் அனுமதிச் சீட்டு வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்ட முடிந்தது. 1952-இல் அது நின்றது. முதலில் ஓடையை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் பலகை வேலி எழுந்தது. பிறகு முள்கம்பி. 1966-இல் கான்கிரீட் சுவர்: சுமார் 700 மீட்டர் நீளம், 3 மீட்டருக்கும் மேல் உயரம், இரவில் விளக்கு வெளிச்சம். மேற்குப் பக்கம் ரோந்து வந்த அமெரிக்கப் படைவீரர்கள் ‘குட்டி பெர்லின்’ என்று பெயர் வைத்ததும் இந்தச் சுவரால்தான்.

1,393 கிலோமீட்டரும் சுவர் கட்டினாங்களா?

இல்லை. பெரும்பகுதி இரும்புத் தகட்டு வலை வேலிதான். தகட்டில் கீறல் போட்டு இழுத்து வலையாக்கியது. துளைகள் சிறியவை, விளிம்புகள் கூர்மையானவை, விரலை நுழைத்துப் பற்றி ஏற முடியாது. சுவர் விலை கூடிய வேலை. வீடுகள் எல்லையை ஒட்டி நின்ற சில ஊர்களில் மட்டும் அதைக் கட்டினார்கள்.

காரணம் இரண்டு. வீட்டு வாசலிலிருந்து வேலிவரை சில எட்டுதான் என்றால், ஓடி வருபவரைப் பார்த்துச் சுதாரிக்கக் காவலருக்கு நேரம் இருக்காது. வண்டியால் மோதி உடைக்கவும் முடியாத தடுப்பு வேண்டும். இரண்டாவது, பார்வை. வலைவேலி வழியே எதிர்வீட்டைப் பார்க்கலாம், சைகை காட்டலாம். கான்கிரீட் அதையும் மறைத்தது.

சுவர் மட்டும்தான் தடையா? வேறென்ன இருந்தது?

சுவர் கடைசித் தடை. கிழக்கிலிருந்து வருபவர் அதற்கு முன் பலவற்றைக் கடக்க வேண்டும். எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளேயே தடை வலயம் தொடங்கியது. அதற்குள் நுழையவே அனுமதி தேவை. கடைசி 500 மீட்டர் இன்னும் கெடுபிடியான பாதுகாப்புப் பட்டை. பிற்காலத்தில் அதன் ஓரத்தில், கம்பியைத் தொட்டால் காவல் நிலைக்குச் சமிக்ஞை போகும் வேலி வந்தது.

அதைத் தாண்டினால் காவல் கோபுரம், ரோந்து வண்டிக்கான பாதை, வண்டிகளைக் கவிழ்க்கும் பள்ளம், உழுது சமன் செய்த மண் பட்டை. ரோந்துப் பாதை, துளைகள் கொண்ட கான்கிரீட் பலகைகளை இரண்டு வரிசையாகப் பதித்து அமைத்தது; சக்கரம் பதியும் இடத்தில் மட்டும் பலகை, நடுவில் புல். மண் பட்டையில் காலடி விழுந்தால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். எங்கே, எத்தனை பேர், எந்தத் திசையில் என்று படித்துவிடலாம். ஊருக்கு வெளியே, எல்லையின் பல பகுதிகளில் கண்ணிவெடிகளும் வேலியில் பொருத்திய தானியங்கிச் சுடுகருவிகளும் இருந்தன. சுடுகருவிகளை 1984-க்குள்ளும் கடைசிக் கண்ணிவெடிகளை 1985-லும் அகற்றினார்கள்.

கிழக்குப் பக்கத்தில் குடியிருந்தவங்க நிலைமை என்ன?

மோட்லாராய்டின் துரிங்கியப் பாதி முழுக்க மேலே சொன்ன 500 மீட்டர் பட்டைக்குள் விழுந்தது. அடையாள அட்டையில் தனி முத்திரை வேண்டும். உறவினர் ஒருவரை விருந்துக்கு அழைப்பதென்றால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், கிடைத்தாலும் கிடைக்கும். இருட்டிய பிறகு வெளியே நடமாடத் தடை. மேற்குப் பக்கம் நிற்பவரைப் பார்த்துக் கையசைப்பதும் வணக்கம் சொல்வதும்கூடக் கூடாது. எதிர்க்கரையில் நிற்பது சொந்த அண்ணனாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும்.

‘நம்பத்தகாதவர்’ என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களை எல்லைப் பகுதியிலிருந்தே அப்புறப்படுத்தினார்கள். 1952 ஜூனில் நடந்த முதல் நடவடிக்கைக்கு வைத்த இரகசியப் பெயர் ‘தொல்லைப் பூச்சிகள்’ என்ற பொருள் தருவது. எல்லை நெடுகிலும் 8,000-க்கும் மேற்பட்டோர் சில மணி நேர அவகாசத்தில் வீட்டையும் நிலத்தையும் விட்டு உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1961 அக்டோபரில் மறுபடியும் அதே வேலை நடந்தது.

மேற்குப் பக்கம் அப்படிக் கெடுபிடி இருந்ததா?

இல்லை, அங்கே யார் வேண்டுமானாலும் ஓடைவரை வரலாம். பேருந்து பேருந்தாகச் சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். பவேரிய எல்லைப் போலீஸ், கூட்டாட்சி எல்லைக் காவல் படை, சுங்கத்துறை, அமெரிக்கப் படை என்று நான்கு தரப்பு ரோந்து சுற்றினாலும் அவர்கள் பார்த்தது எதிர்ப்பக்கத்தைத்தான். வந்தவர்கள் அத்துமீறி உள்ளே போய்விடாமல் எச்சரிப்பதும் அவர்கள் வேலை.

1983 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் இங்கே வந்தார். முன்பு அமெரிக்க அதிபர் கென்னடி பெர்லினில் ‘நான் ஒரு பெர்லின்காரன்’ என்று சொன்னதை ஒட்டி, ‘நான் ஒரு மோட்லாராய்ட்காரன்’ என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனார். ஊர் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது அதனால்.

சுவருக்கு மேற்கே நின்னா அது மேற்கு ஜெர்மனி மண்தானே?

அவசியமில்லை. சுவரைக் கிழக்கு ஜெர்மனி தன் நிலத்துக்குள்தான் கட்டியது. உண்மையான எல்லை ஓடையோடு போனது. ஓடைக்கும் சுவருக்கும் இடையே ஒரு கீற்று நிலம். அது சுவருக்கு வெளியே இருந்தாலும் கிழக்கு ஜெர்மனியின் மண். மேற்கிலிருந்து போய்ச் சுவரைக் கையால் தொட்டால் அயல்நாட்டுக்குள் நுழைந்ததாக ஆகிவிடும். கிழக்குக் காவலர்கள் தடுப்பிலிருந்த கதவுகள் வழியே வெளியே வந்து அந்தக் கீற்றிலும் நடமாடினார்கள். மேற்கே எச்சரிக்கைப் பலகைகள் வைத்தது இதற்காகத்தான்.

யாராவது சுவரைத் தாண்டித் தப்பிச்சாங்களா?

1973 மே மாதம் ஒருவர் தாண்டினார். வாகனத்தைச் சுவர்வரை ஓட்டி வந்து, அதன்மேல் ஏணியை வைத்து ஏறிக் குதித்துவிட்டார். ஊருக்குள் இந்தச் சுவர்மீது ஏறி வெற்றிகரமாகத் தப்பியதாகச் சொல்லப்படுவது இது ஒன்றுதான்.

மற்றவர்களால் ஏன் முடியவில்லை என்பதற்குச் சுவரின் உயரம் மட்டும் காரணமில்லை. 5 கிலோமீட்டர், 500 மீட்டர் வலயங்களைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர் சுவரைக் கண்ணால் பார்ப்பதற்குள்ளேயே பிடிபட்டுவிடுவார். ஊர்க்காரருக்கோ, ஓடினால் பின்னால் விட்டுச் செல்லும் குடும்பத்தின் கதி தெரியும்.

எதிர்க்கரை வீட்டுக்கு முறையா விசா வாங்கிப் போக முடியாதா?

1972-இல் இரண்டு ஜெர்மனிகளும் செய்த அடிப்படை ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1973 முதல் எல்லையோர மாவட்டத்து மேற்கு ஜெர்மானியர்கள் கிழக்கின் எல்லையோர மாவட்டங்களுக்குப் போய்வரும் வசதி வந்தது. காரில் போனால் இந்த வட்டாரத்துக்கு வழி, பெர்லின் நெடுஞ்சாலையில் இருந்த ருடால்ஃப்ஷ்டைன்–ஹிர்ஷ்பெர்க் சோதனைச் சாவடி.

சிக்கல் எங்கே என்றால், தடை வலயத்துக்குள் மேற்கத்தியருக்கு அனுமதி இல்லை. ஆகவே பவேரிய மோட்லாராய்ட்காரர் சோதனைச் சாவடியைச் சுற்றிக்கொண்டு துரிங்கியாவுக்குள் போகலாம், வலயத்துக்கு வெளியே ஒரு நகரத்தில் உறவினரைச் சந்திக்கலாம். தன் வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் எதிர்வீட்டுக்குள் மட்டும் கால் வைக்க முடியாது.

1989 நவம்பர் 9 அன்னைக்கே இங்கேயும் சுவர் விழுந்துடுச்சா?

ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. பெர்லினில் சோதனைச் சாவடிகள் ஏற்கெனவே இருந்தன, கதவைத் திறந்தால் போதும். இங்கே ஊருக்குள் கடக்கும் வழியே கிடையாது. மக்கள் வற்புறுத்திய பிறகு 1989 டிசம்பர் 9 அன்று நடந்து கடக்க ஒரு வழி திறந்தார்கள்.

சுவரை இடித்தது 1990 ஜூன் 17. கிழக்கு ஜெர்மனியில் 1953-இல் தொழிலாளர் எழுச்சி வெடித்த அதே தேதி. முழுவதையும் இடித்துத் தள்ளாமல் ஏறக்குறைய 100 மீட்டரை விட்டுவைத்தார்கள். அதே ஆண்டு அருங்காட்சியகம் அமைக்கச் சங்கமும் தொடங்கினார்கள். நல்ல வேளை, எல்லையோரத்தில் எத்தனையோ ஊர்களில் கோபத்தில் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, இன்று காட்டுவதற்கு ஒரு கம்பம்கூட இல்லாமல் நிற்கிறார்கள்.

இப்போ ஒரே நாடு. அப்புறமும் ஊர் ரெண்டாவே இருக்காமே, நிஜமா?

நிஜம்தான். தேச எல்லை போனது. 1810-இன் மாநில எல்லை அப்படியே இருக்கிறது. மேற்குப் பாதி பவேரியாவின் டோபன் ஊராட்சிக்கும் ஹோஃப் மாவட்டத்துக்கும் உட்பட்டது. கிழக்குப் பாதி துரிங்கியாவின் கெஃபெல் நகராட்சிக்கும் ஸாலே-ஓர்லா மாவட்டத்துக்கும் உட்பட்டது. அஞ்சல் குறியீடு ஒரு பக்கம் 95183, மறுபக்கம் 07926. தொலைபேசி முன்எண் 09295, 036649. எதிர்வீட்டுக்குத் தரைவழித் தொலைபேசியில் பேச வெளியூர் எண்போல முன்எண்ணோடு அழைக்க வேண்டும். வண்டி எண்பலகையும் வேறு.

விடுமுறை நாள்தான் வேடிக்கை. ஜனவரி 6, கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருநாள், நவம்பர் 1 ஆகிய நாள்களில் பவேரியப் பக்கம் விடுமுறை, ஓடைக்கு அப்பால் வேலை நாள். செப்டம்பர் 20 குழந்தைகள் தினமும் அக்டோபர் 31 சீர்திருத்த தினமும் துரிங்கியாவில் மட்டும் விடுமுறை. பள்ளி விடுமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2020-இல் கொரோனா கட்டுப்பாடுகளை மாநிலங்கள் தனித்தனியாக விதித்தபோது ஐம்பது பேருக்கு இரண்டு சட்டம் நடந்தது. முகமன்கூட மேற்கே ‘குருஸ் கோட்’, கிழக்கே ‘கூட்டன் டாக்’ என்பார்கள்.

போய்ப் பார்க்கணும்னா எப்படிப் போறது? அங்கே இருக்கிறது எல்லாம் அசல்தானா?

கார்தான் வசதி. ஏ9 நெடுஞ்சாலையில் வருபவர்கள் பெர்க்–பாட் ஷ்டெபன் வெளிவழியிலும், ஏ72-இல் வருபவர்கள் ஹோஃப்–டோபன் வெளிவழியிலும் இறங்கலாம். வழிகாட்டிக் கருவியில் மேலே சொன்ன இரண்டு குறியீடுகளில் எதைப் போட்டாலும் இதே ஊருக்குத்தான் வரும், குழம்ப வேண்டாம். ரயிலில் வருபவர்களுக்கு ஹோஃப் நிலையம். பெரிய நகரம்போலப் பேருந்து அடிக்கடி இருக்காது, திரும்பும் நேரத்தையும் முன்பே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அருங்காட்சியகத்தின் திறந்தவெளிப் பகுதியை அவசரமில்லாமல் சுற்ற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மிச்சம் விட்ட சுவர் அதே இடத்தில் நிற்கும் அசல். பக்கத்தில் 1980-களின் எல்லை அமைப்பை வேலி, பள்ளம், மண் பட்டை என்று வரிசையாகக் காட்டியிருக்கும் பகுதியில் மறுபடி அமைத்தவையும் உண்டு. சுவரை மட்டும் படமெடுத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஓடைக்கரையின் எல்லைக் கல்லையும் தேடிப் பாருங்கள். ஓடையோரம் ஈரமாக இருக்கும், அழுத்தமான காலணி அவசியம். வீடுகளில் ஆள்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறந்து முற்றத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள்.

ஜெர்மனியிலேயே பிரிஞ்ச கிராமம் இது ஒண்ணுதானா?

எல்லையால் வாழ்க்கை அறுந்துபோன ஊர்கள் பல. வடக்கே கீழ் சாக்சனியிலுள்ள ஸிஷெரியும் சாக்சனி-அன்ஹால்ட்டிலுள்ள போக்விட்ஸும் ஒட்டிப் பிறந்த இரட்டைக் கிராமங்கள். அவற்றுக்கு இடையிலும் தடுப்பு எழுந்தது. 1961 அக்டோபர் 12 அன்று குர்ட் லிஷ்டன்ஷ்டைன் என்ற மேற்கு ஜெர்மன் பத்திரிகையாளர் சுட்டுக் கொல்லப்பட்டது ஸிஷெரிக்கு அருகில்தான். ஆனால் அவை பெயரிலேயே இரண்டு ஊர்கள். மோட்லாராய்ட் ஒரே பெயருள்ள ஒரே ஊர், அதுவும் கான்கிரீட் சுவர் நடுவே போனது. அதனால் இதன் பெயர் முன்னால் வந்து நிற்கிறது.

ஒரே மாநிலத்தோட சேர்த்துவிட்டால் என்ன? சட்டம் இடம் கொடுக்காதா?

கொடுக்கும். ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி மாநில எல்லையை மாற்றப் பொதுவாக மக்கள் வாக்கெடுப்பு தேவை. ஆனால் மாற்றப்படும் பகுதியில் 50,000 பேருக்கு மேல் இல்லையென்றால் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டே முடித்துக்கொள்ளலாம். ஐம்பது பேர் விஷயத்தில் எண்ணிக்கை ஒரு தடையே இல்லை.

இருந்தும் அது நடக்கவில்லை. மாற்றினால் ஒரு பாதிக்கு முகவரி, வண்டிப் பதிவு, பள்ளி, காவல் நிலையம், நிலப் பதிவேடு எல்லாம் இடம் மாறும். தேவாலயம், மதுக்கடை என்று 1945-க்கு முன்பு எல்லையைத் தாண்டியே வாழ்ந்த ஊருக்கு அதனால் புதிதாகக் கிடைக்கப்போவது அதிகமில்லை. அருங்காட்சியகத்தைப் பொறுத்தவரை இரண்டு மாநிலங்களும் அதற்குப் பொறுப்பேற்று நிற்பது இலாபம். எல்லையை அழித்துவிட்டால் அங்கே வருபவர்களுக்குக் காட்ட வேண்டிய முதல் பொருளையே எடுத்துவிட்டதாகும்.